கொழுகொழு குட்டி அழகுதான்... மூட்டு தாங்குமா?

நான்கு மாத லாப்ரடார் குட்டியைத் தெருவில் அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு பாராட்டு நிச்சயம் கிடைக்கும். ``அட, எப்படி கொழுகொழுன்னு வளர்த்திருக்கீங்க! என்ன சாப்பாடு போடுறீங்க?'' மடிப்பு விழுந்த கழுத்து, தொங்கும் தொப்பை, ஆடி அசைந்து வரும் நடை... பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே ஆரோக்கியமாகத்தான் தெரியும். வீட்டுக்காரர்களுக்கும் பெருமையாக இருக்கும்.

அதே குட்டிக்கு ஒரு வயதாகும்போது காட்சி மாறலாம். படுத்த இடத்திலிருந்து எழப் பின்னங்கால்கள் தடுமாறும். மாடிப்படியின் கீழே நின்று தயங்கும். ஓடும்போது முயலைப்போல இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துவைத்துத் துள்ளும். எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும் மருத்துவர், ``இடுப்பு மூட்டு சரியா பொருந்தலை'' என்பார். ``நல்லாத்தானே சாப்பிட்டுச்சு டாக்டர். கால்சியம் டானிக்கூட ஒரு நாள் தவறாம கொடுத்தோமே!'' என்று குடும்பமே திகைத்து நிற்கும்.

பெரிய இன நாய்க்குட்டிகள் விஷயத்தில் அந்த இரண்டுமே பல நேரங்களில் பிரச்னையின் ஒரு பகுதியாக இருக்கின்றன. தேவைக்கு மேல் கிடைத்த சாப்பாடு ஒன்று. யாரும் அளவு சொல்லாமல் ஊற்றப்பட்ட கால்சியம் இன்னொன்று. குட்டியின் முதல் 12 முதல் 18 மாதங்களில் கிண்ணத்தில் என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்பதைப் பொறுத்தே அதன் மீதி ஆயுள் முழுவதும் மூட்டுகள் இருக்கும்.

பெரிய இனம் என்றால் எவை?

வளர்ந்து முடிக்கும்போது ஏறத்தாழ 25 கிலோவைத் தாண்டும் நாய்களைப் பெரிய இனம் என்கிறார்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர், டாபர்மேன் எல்லாம் இந்த வகை. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு போன்றவை இன்னும் ஒருபடி மேலே, ராட்சத இனங்கள். நம் ராஜபாளையமும் உயரத்தில் பெரிய நாய்தான். பக், பொமரேனியன், டேஷ்ஹண்ட் வளர்ப்பவர்களுக்கு இங்கே சொல்லப்படும் எச்சரிக்கைகள் அனைத்தும் அப்படியே பொருந்தாது. சிறிய இனங்களின் வளர்ச்சிக் கணக்கே வேறு.

75 மடங்கு வளர்ச்சி

மனிதக் குழந்தை 3 கிலோ எடையோடு பிறந்து, 60 கிலோவை எட்ட 18 வருடங்கள் எடுத்துக்கொள்கிறது. அதாவது 20 மடங்கு. லாப்ரடார் குட்டி பிறக்கும்போது சுமார் 400 கிராம் இருக்கும். ஒரே வருடத்தில் 30 கிலோ ஆகிவிடும். கிட்டத்தட்ட 75 மடங்கு! கிரேட் டேன் ஒன்றரை வருடத்தில் தன் பிறப்பு எடையைப்போல 100 மடங்கு ஆகிவிடுகிறது.

இவ்வளவு வேகமாக நீளும் எலும்புகளின் இரண்டு முனைகளிலும் `வளர்ச்சித் தட்டு' எனப்படும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். புதிதாக உருவாகும் குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு எலும்பாக மாறும். சிறிய இன நாய்களில் இந்த வேலை பத்து மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பெரிய இனங்களில் 12 முதல் 18 மாதங்கள் வரை, ராட்சத இனங்களில் அதற்கு மேலும் நீளும். அதுவரை மூட்டைச் சுற்றியுள்ள பகுதிகள் இளசுதான்.

சிமென்ட் இறுகுவதற்கு முன் தூண்மேல் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று கொத்தனாரைக் கேட்டால் சொல்வார். குட்டி விஷயத்திலும் நடப்பது அதுதான். அதிகம் சாப்பிடும் குட்டி வேகமாக வளர்கிறது, எடையும் கூடுகிறது. இறுகாத எலும்பு, கெட்டிப்படாத குருத்தெலும்பு, பலமில்லாத தசை ஆகியவற்றின் மேல் அந்த எடை இறங்குகிறது. இடுப்பில் பந்தும் கிண்ணமும்போலப் பொருந்த வேண்டிய மூட்டு, தளர்ந்து விலகியபடியே வளர்கிறது. இதைத்தான் `ஹிப் டிஸ்பிளேசியா' என்கிறார்கள். முன்னங்காலின் முழங்கை மூட்டில் வந்தால் `எல்போ டிஸ்பிளேசியா'. மூட்டுக்குள்ளே குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் தடித்து, விரிசல்விட்டு, சில நேரம் துண்டாகவே உரிந்துவிடுவது `ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ்'. மூன்றும் பெரிய இனங்களில்தான் அதிகம். மூன்றின் முடிவும் இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம்.

ஒரே தாயின் குட்டிகள், இரண்டு கிண்ணங்கள்

`சாப்பாட்டுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் பரம்பரை' என்று சொல்பவர்கள் உண்டு. பரம்பரைக்குப் பெரிய பங்கு இருப்பது உண்மை. ஆனால், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குட்டிகளிடமே சாப்பாட்டின் அளவு எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வு 1974-ல் வெளியானது. சத்து நிறைந்த உணவைக் கேட்கும் அளவுக்கெல்லாம் சாப்பிட்ட குட்டிகள், அதே உணவை அளவாகச் சாப்பிட்ட குட்டிகளைவிட வேகமாக வளர்ந்தன. எலும்பு, மூட்டுக் கோளாறுகளும் அவற்றிடம்தான் அதிகமாக இருந்தன.

பின்னர் 1987-ல், நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளுடன் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கியது. உடன்பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒரு குட்டிக்கு வயிறு நிறைய உணவு. அதன் ஜோடிக்கு அதே உணவில் 25 சதவிகிதம் குறைவு. எட்டு வார வயதில் தொடங்கிய இந்த வேறுபாடு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

இரண்டு வயதில் எக்ஸ்-ரே எடுத்தபோது, வயிறு நிறையச் சாப்பிட்ட 24 நாய்களில் 16-க்கு ஹிப் டிஸ்பிளேசியா இருந்தது. குறைவாகச் சாப்பிட்ட 24-ல் 7-க்கு மட்டுமே. இன்னொரு முடிவு 2002-ல் வெளியாகி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நிறையச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 வருடங்கள். ஒல்லியாக வளர்ந்த உடன்பிறப்புகளுக்கு அது 13 வருடங்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகத்தான்.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குறைவாகச் சாப்பிட்ட அந்த 24 நாய்களும் பட்டினி கிடந்தவை அல்ல. புரதம், வைட்டமின், தாது உப்பு எதிலும் குறைவில்லாத உணவைத்தான் அவை சாப்பிட்டன. குறைந்தது அளவு மட்டும்தான். அந்த ஏழு நாய்களுக்கு மூட்டுக் கோளாறு வந்ததும் உண்மை. பரம்பரையில் வருவதைக் கிண்ணத்தால் முழுவதுமாகத் துடைத்துவிட முடியாது. அது எவ்வளவு தீவிரமாக வெளிப்படும் என்பதைத்தான் வீட்டிலிருப்பவர்களால் மாற்ற முடியும். வளர்ப்பவர் கையில் இருப்பது அந்தப் பங்குதான் என்பதால் அதை வீணாக்கக் கூடாது.

`குறைவாகக் கொடுத்தால் குட்டி குள்ளமாகிவிடுமோ?' என்ற பயமும் வேண்டாம். நாயின் இறுதி உயரத்தைப் பரம்பரையே தீர்மானிக்கிறது. சரிவிகித உணவை அளவோடு சாப்பிடும் குட்டி, அந்த உயரத்தைச் சில மாதங்கள் தாமதமாக எட்டும். அந்தத் தாமதம்தான் மூட்டுக்கு நல்லது.

கால்சியம் டானிக்: எலும்புக்கு உரமா?

குட்டி வாங்கிய அன்றே பலரின் பையில் ஏறும் முதல் பொருள் கால்சியம் டானிக். `பெரிய நாய், எலும்பு பலமாக இருக்க வேண்டும்' என்று விற்றவர் சொல்லியிருப்பார். ஜெர்மன் ஷெப்பர்டு என்றால், `காது நிமிர்ந்து நிற்க வேண்டுமே' என்று கூடுதலாக ஒரு காரணம் இருக்கும்.

வளர்ந்த நாயின் உடம்பு கெட்டிக்காரத்தனமானது. உணவில் கால்சியம் அதிகமாக வந்தால், குடல் குறைவாக உறிஞ்சிக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தக் கதவைச் சாத்தத் தெரியாது. முதல் ஆறு மாதங்களுக்கு, வருகிற கால்சியத்தில் பெரும் பங்கை அப்படியே உள்ளே விட்டுவிடும். கூடுதலாக வந்த கால்சியம் எலும்பில் போய்ச் சேர்கிறது. எலும்பு தன்னைத் தானே செதுக்கிச் சீரமைத்துக்கொள்ளும் வேலை இதனால் மந்தமாகிறது. குருத்தெலும்பு எலும்பாக மாறுவதும் தடுமாறுகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளிடம் செய்யப்பட்டு, 1985-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதிகக் கால்சியம் சாப்பிட்ட குட்டிகளுக்குக் குருத்தெலும்புக் கோளாறுகளும், முன்னங்கால் எலும்பு வளைவும் வந்தன. பலமாக இருக்கட்டும் என்று கொடுப்பதே காலை வளைக்கும் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. அதனால்தான், கால் லேசாக வளைந்ததும் `கால்சியம் பத்தலை போல' என்று இன்னும் ஒரு ஸ்பூன் கூட்டுகிறார்கள். பிரச்னை இரட்டிப்பாகிறது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். நான்கு மாத லாப்ரடார் குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தீவன அளவுகோலின்படி, ஒவ்வோர் 1,000 கலோரிக்கும் குறைந்தது 3 கிராம் கால்சியம் இருக்க வேண்டும். பெரிய இனக் குட்டிகளுக்கு 4.5 கிராமைத் தாண்டக் கூடாது. அந்தக் குட்டிக்கு அனுமதிக்கப்பட்ட இடைவெளி அவ்வளவுதான். தரமான பப்பி உணவிலேயே இந்த அளவு கால்சியம் வந்துவிடுகிறது. அதன்மேல் ஒரு டீஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள் போட்டால் சுமார் 2 கிராம் கால்சியம் கூடுகிறது. கூரையைத் தாண்டிவிட்டது! டானிக்கில் உள்ள அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பலவற்றில் வைட்டமின் டி-யும் சேர்ந்திருக்கும். அதையும் அளவில்லாமல் கொடுத்தால் ஆபத்து.

ஜெர்மன் ஷெப்பர்டின் காதைப் பொறுத்தவரை, அதை நிமிர்த்துவது காதிலுள்ள குருத்தெலும்பு. பல் முளைக்கும் நான்கு, ஐந்து மாத வயதில் நிமிர்ந்த காதுகூடத் தொய்ந்து, பிறகு தானாகவே எழும். டானிக்கால் அதில் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாதமும் சிக்கனும் போதுமா?

`கம்பெனி உணவே வேண்டாம், வீட்டுச் சாப்பாடுதான் நல்லது' என்று இருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. அங்கே பிரச்னை கால்சியம் குறைவு.

100 கிராம் கோழிக்கறியில் சுமார் 12 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கிறது. பாஸ்பரஸோ 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. குட்டியின் உணவில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கால்சியம் இருக்க வேண்டும். இங்கே கணக்கே தலைகீழ். வெள்ளைச் சாதத்திலும் கால்சியம் மிகக் குறைவு. கூடவே அரை லிட்டர் பால் ஊற்றினாலும் 600 மில்லிகிராம்தான் கிடைக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு கிராமைக்கூடத் தொடாது. தேவையோ 3 கிராம்.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்காது என்பதால், உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்கு அனுப்பும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியும். எலும்பு மட்டும் காகிதம்போல மெலிந்துகொண்டே போகும். சோபாவிலிருந்து குதித்த குட்டிக்குக் கால் முறிந்துவிட்டது என்று வருகிறவர்களில், கறியும் சாதமும் மட்டுமே போட்டு வளர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, கால்சியம் கூடினாலும் கால் வளையும், குறைந்தாலும் வளையும். எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. குட்டி என்ன சாப்பிடுகிறது என்ற முழு விவரமும் எக்ஸ்-ரேயும் இருந்தால்தான் மருத்துவரால் சொல்ல முடியும். டானிக் பாட்டிலை வாங்குவதும் நிறுத்துவதும் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் உலவும் நான்கு நம்பிக்கைகள்

காலை வெயில் போதும்: மனிதர்களின் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கும். நாய்களின் தோலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நாய்க்கு வைட்டமின் டி உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். வெயிலில் விளையாடட்டும்; அதை வைத்தியமாக நினைக்க வேண்டாம்.

கேழ்வரகுக் கூழ் எலும்பை இரும்பாக்கும்: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியோடு ஒப்பிட்டால் மிக அதிகம். ஆனால், ஒரு கிண்ணக் கூழில் சேரும் மாவு கொஞ்சம்தான். அதிலுள்ள கால்சியம் முழுவதும் உடம்பில் சேர்வதும் இல்லை. கொஞ்சம் கொடுப்பதால் கெடுதல் இல்லை. அதையே முழு உணவாக்கக் கூடாது.

புரதம் அதிகமானால் மூட்டு கெடும்: இந்தப் பயத்தில் கறியை நிறுத்திவிட்டுத் தயிர் சாதத்துக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். மூட்டுக் கோளாறுக்குப் புரதத்தைக் குற்றம்சாட்ட ஆதாரம் இல்லை. கிரேட் டேன் குட்டிகளிடம் வெவ்வேறு அளவு புரதம் கொடுத்துச் செய்த சோதனையில் எலும்பு வளர்ச்சி பாதிக்கப்படவில்லை. கணக்குப் பார்க்க வேண்டியது கலோரியையும் கால்சியத்தையும்தான்.

பிஸ்கட்தானே, ஒன்றும் ஆகாது: 100 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டில் சுமார் 450 கலோரி இருக்கிறது. நான்கு மாத லாப்ரடாரின் ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்ட பாதி! தாத்தா காபி குடிக்கும்போது இரண்டு, பள்ளியிலிருந்து வந்த பேத்தி கையால் மூன்று, இரவு டி.வி பார்க்கும்போது நான்கு என்று போனால், கிண்ணத்து உணவை அளந்து என்ன பயன்?

என்ன கொடுக்கலாம், எவ்வளவு?

பாக்கெட் உணவு வாங்குவதாக இருந்தால், `லார்ஜ் பிரீட் பப்பி' என்று குறிப்பிட்டதையே வாங்க வேண்டும். சாதாரண பப்பி உணவைவிட இதில் பெரும்பாலும் கலோரியும் கால்சியமும் கட்டுப்பாடாக இருக்கும். ஈரப்பதம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது. 32 கிலோ அல்லது அதற்கு மேல் வளரும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற வாசகம் பாக்கெட்டில் இருந்தால் இன்னும் நிம்மதி. லாப்ரடார் போன்றவற்றுக்கு 12 முதல் 15 மாதங்கள் வரை, ராட்சத இனங்களுக்கு 18 மாதங்களுக்கு மேலும் இந்த உணவைத் தொடரலாம். இப்படி முழுமையான உணவு சாப்பிடும் குட்டிக்குத் தனியாகக் கால்சியம் தேவையே இல்லை.

`மாதம் முழுக்கப் பாக்கெட் உணவு கட்டுப்படியாகாது' என்கிற வீடுகளும் உண்டு. அவர்கள் தாங்களாகவே பாதிப் பாக்கெட், பாதிச் சாதம் என்று கலந்துகொள்வதைவிட, கால்நடை மருத்துவரிடம் குட்டியின் எடையைச் சொல்லி, வீட்டுச் சாப்பாட்டுக்கு அளவு எழுதி வாங்குவது நல்லது. கறி, முட்டை, சாதம், காய் எவ்வளவு கிராம், அதோடு கால்சியமும் மற்ற தாது உப்புகளும் எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். கால்சியம் தனியாகத் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். அதுவும் மருத்துவர் எழுதிய அளவில். குட்டி வளர வளர இந்த அளவு மாறும் என்பதால், மாதம் ஒருமுறை எடை பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு விஷயத்தில் வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டியவை:

* கிண்ணத்தை நாள் முழுவதும் நிரப்பிவைக்கக் கூடாது. நான்கு மாதம் வரை மூன்று, நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை போதும். 15, 20 நிமிடங்களில் சாப்பிடாததை எடுத்துவிடலாம்.
* டம்ளர் கணக்கு வேண்டாம். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவதே சரி.
* பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு ஒரு தோராயம்தான். அதில் குறைந்த அளவில் தொடங்கி, குட்டியின் உடல்வாகைப் பார்த்து மாற்றலாம்.
* பிஸ்கட், பழத்துண்டு, பயிற்சிக்குக் கொடுக்கும் தீனி எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.
* சின்னக் குட்டிக்கு, வளர்ந்த நாயைவிடக் கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கலோரி தேவை. பாதி வளர்ச்சியைத் தாண்டியதும் இந்தத் தேவை குறையத் தொடங்கும். அதே வேகத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் எடை ஏறிவிடும்.
* கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கலோரித் தேவை குறையும். பெரிய இனங்களுக்கு அதை எந்த வயதில் செய்வது என்பதையும் மூட்டு வளர்ச்சியை மனதில்வைத்து மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்

குட்டி சரியான எடையில் இருக்கிறதா என்று அறிய, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி நீட்டி, மறுகை விரலால் புறங்கை எலும்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தெரியும். மேலே மெல்லிய சதை இருக்கும். குட்டியின் விலா எலும்புகள் அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. கையை மடக்கினால் முட்டிகள் புடைத்துத் தெரிகின்றன அல்லவா? விலா அப்படி இருந்தால் குட்டி மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல மெத்தென்று, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் எடை அதிகம். மேலிருந்து பார்த்தால் இடுப்புப் பகுதி கொஞ்சம் உள்வாங்கியும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்பக்கமாக மேலேறியும் இருக்க வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு விலா லேசாக வெளியே தெரிவது இயல்பான உடல்வாகு. `எலும்பும் தோலுமா இருக்கே' என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக அவற்றை லாப்ரடார்போல ஆக்க முயல வேண்டாம்.

எடை பார்க்க, குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். குட்டி ஏற்கெனவே குண்டாக இருந்தால் திடீரென்று பாதியாகக் குறைக்கக் கூடாது. முதலில் பிஸ்கட்டை நிறுத்தி, அன்றாட அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம். எடை ஏறும் வேகம் தணிந்தால் உயரம் வந்து எட்டிப்பிடித்துவிடும்.

சாப்பாட்டோடு வீட்டுத் தரையையும் கவனிக்க வேண்டும். வழுக்கும் டைல்ஸில் பழைய கோணியோ, ரப்பர் விரிப்போ போட்டுவைக்கலாம். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாத வயதுக்குள் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாகவும், மண்ணிலும் புல்லிலும் இஷ்டத்துக்கு ஓடி விளையாடிய குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்தது. மாடியில் குடியிருப்பவர்கள் சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது நல்லது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

* முன்னங்கால் வளைந்தாலோ, பாதம் தட்டையாகப் படிந்தாலோ
* மணிக்கட்டுப் பகுதி வீங்கி, காய்ச்சலும் இருந்தால்
* இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டினால்
* ஓடும்போது பின்னங்கால்களைச் சேர்த்துவைத்துத் துள்ளினால்
* எழுந்திருக்கச் சிரமப்பட்டாலோ, கொஞ்சம் விளையாடியதும் படுத்துவிட்டாலோ

`வளரும்போது அப்படித்தான் இருக்கும்' என்று காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உணவையும் விளையாட்டையும் திருத்தியே பலவற்றைக் கட்டுக்குள் வைக்கலாம். எக்ஸ்-ரே வசதி, சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு இடங்களிலும் இருக்கிறது. குட்டி நொண்டுகிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கொடுத்துவிடக் கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு உயிராபத்தாக முடியலாம்.

இனிமேல்தான் குட்டி வாங்கப் போகிறவர்கள், அதன் தாய், தந்தையின் இடுப்பு எக்ஸ்-ரே இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். எக்ஸ்-ரே இல்லையென்றாலும், தாய் நாய் எழுந்து நடப்பதையாவது நேரில் பார்த்துவிடுவது நல்லது.

35 கிலோ எடையுள்ள நாய்க்கு எட்டு வயதில் எழுந்திருக்க முடியாமல் போனால், அதைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது மாடி என்றால் சொல்லவே வேண்டாம். மூட்டு வலிக்கு மாதாமாதம் மருந்து, சில நேரம் அறுவை சிகிச்சை என்று செலவும் கூடும். வலியை அது வாய்விட்டுச் சொல்லவும் சொல்லாது. இன்று சமையலறைத் தராசில் 20 கிராம் குறைத்து நிறுத்துப் போடுவது, அதற்கெல்லாம் முன்னாலேயே செய்துவிடக்கூடிய செலவில்லாத வைத்தியம். அடுத்த முறை யாராவது, ``என்னங்க, குட்டி இவ்வளவு ஒல்லியா இருக்கு?'' என்று கேட்டால், ``டாக்டர் இதுதான் சரின்னு சொன்னாருங்க'' என்று சிரித்துக்கொண்டே நடையைத் தொடரலாம்.